அப்டேட் வந்த புதன்கிழமை அஞ்செட்டியில் பில் போட முடியவில்லை: மெதுவான இணைப்பில் ஒன்பது கிளைகள், என்ன செய்வது?

உரக்கடை கணினி
ஆகஸ்ட் 13, 2025, புதன், இரவு 9.40

வணக்கம். எங்கள் தலைமை அலுவலகம் கிருஷ்ணகிரியில். காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை, பர்கூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பாலக்கோடு, பென்னாகரம் என்று ஒன்பது கிளை. உரம், விதை, சொட்டுநீர்க் குழாய் வியாபாரம். மொத்தம் 52 கணினி, பெரும்பாலும் விண்டோஸ் 10. பார்த்துக்கொள்வது நான் ஒருவன்தான்.

இன்று காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை அஞ்செட்டிக் கிளையில் ஒரு பில்கூடப் போட முடியவில்லை. ஆடி மாதம். மண்ணில் ஈரம் இருக்கும்போதே விதைத்துவிட வேண்டும் என்று மலைக் கிராமங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள், கையில் பணத்தை வைத்துக்கொண்டு கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். கிளைப் பொறுப்பாளர் என்னைத் திட்டவில்லை. "சார், இவங்க மதிய பஸ்ஸை விட்டா சாயங்காலம்தான்" என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

காரணம் தெரியும். மாதத்தின் இரண்டாம் செவ்வாய் அமெரிக்காவில் காலை பத்து மணிக்கு மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் அப்டேட் தொகுப்பை வெளியிடுகிறது. நமக்கு அது செவ்வாய் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. தலைமை அலுவலகத்தில் இருக்கும் டபிள்யூசஸ் சர்வர் (அப்டேட்டுகளை வாங்கி வைத்து நம் கணினிகளுக்குக் கொடுப்பது) நள்ளிரவில் அதை இழுத்து வைத்துக்கொள்கிறது. பாதுகாப்பு அப்டேட்டுகளுக்குத் தானாகவே ஒப்புதல் போகும்படி வைத்திருக்கிறேன். புதன் காலை கடை திறந்ததும் அஞ்செட்டியின் ஐந்து கணினியும் ஒன்றாகக் கேட்க ஆரம்பிக்கின்றன. பில் மென்பொருளும் அதே விபிஎன் (கிளைகளைத் தலைமை அலுவலகத்தோடு இணைக்கும் பாதுகாப்பான வழி) வழியாகத்தான் கிருஷ்ணகிரிக்கு வர வேண்டும்.

ஆனால் வேகக் கட்டுப்பாடு வைத்துத்தான் இருக்கிறேன். அப்டேட் இறக்குவதைக் கவனிக்கும் விண்டோஸின் டெலிவரி ஆப்டிமைசேஷன் கொள்கையில் (பாலிசி அமைப்பில்) பின்னணிப் பதிவிறக்கத்துக்கு 512 என்று போட்டிருக்கிறேன். அஞ்செட்டியில் இருப்பது சிம் ரவுட்டர், நல்ல நேரத்தில் 4 எம்பிபிஎஸ் கிடைக்கும். 512 என்றால் எட்டில் ஒரு பங்குதானே? ரவுட்டரில் பார்த்தால் இறக்கம் (டவுன்லோடு) முழுக்க நிரம்பியிருக்கிறது. இன்னொன்று சுத்தமாகப் புரியவில்லை: ஏற்றமும் (அப்லோடு) நிரம்பியிருக்கிறது. அஞ்செட்டியிலிருந்து அப்படி என்ன மேலே போகிறது? வைரஸா என்று பயந்து ஸ்கேன் செய்தேன், ஒன்றும் இல்லை.

ஏரிக்கரை
ஆகஸ்ட் 13, இரவு 10.05

எங்கள் ஆலையில் அப்டேட் சேவையையே நிறுத்திவிட்டோம். இரண்டு வருடமாக ஒரு பிரச்சினையும் இல்லை. வேலை கெடாமல் நடக்க வேண்டுமானால் இதுதான் வழி சார்.

தொப்பூர் கணவாய்
ஆகஸ்ட் 13, இரவு 10.50

ஏரிக்கரை சார், தயவுசெய்து அதைத் திரும்பப் போடுங்கள். 2017-இல் வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தது மே 12. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வெளிவந்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு மாதம் கையில் இருந்தது. போடாதவர்களிடம்தான் அது பரவியது. கோப்புப் பகிர்வு திறந்திருந்த ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்குத் தானாகவே போனது, யாரும் எதையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்பது கிளையும் ஒரே விபிஎன்-இல் இருக்கும் நிறுவனத்தில் அப்படி ஒன்று நுழைந்தால் அஞ்செட்டி மட்டும் நிற்காது, எல்லாமே நிற்கும்.

உரக்கடை அண்ணா, உங்கள் முதல் கேள்விக்கு விடை அலகில் இருக்கிறது. டெலிவரி ஆப்டிமைசேஷன் கொள்கையில் போடும் எண் நொடிக்கு இத்தனை கிலோபைட். கிலோபிட் இல்லை. 512 கிலோபைட்டை எட்டால் பெருக்கினால் 4096 கிலோபிட், அதாவது 4 எம்பிபிஎஸ். உங்கள் இணைப்பு முழுவதையும் எடுத்துக்கொள்ள நீங்களே அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். பலர் இதில் தடுக்கி விழக் காரணம், பின்னணியில் கோப்பு இறக்கும் பழைய பிட்ஸ் சேவைக்கான கொள்கையில் அதே மாதிரி ஒரு கட்டம் இருக்கிறது, அங்கே எண் கிலோபிட்டில். பெயர்களும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால் ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றில் போட்டுவிடுகிறோம்.

அப்புறம், அந்தக் கட்டுப்பாடு ஒரு கணினிக்கு. கிளைக்கு இல்லை. சரியான அலகில் 64 என்று போட்டிருந்தாலும் ஐந்து கணினி சேர்ந்தால் 320 கிலோபைட், இரண்டரை எம்பிபிஎஸ் போய்விடும்.

ஏற்றம் பற்றி யோசிக்கிறேன். உங்கள் கிளைகளுக்கு இணையம் நேராகப் போகிறதா, கிருஷ்ணகிரி வழியாகப் போகிறதா?

உரக்கடை கணினி
ஆகஸ்ட் 13, இரவு 11.15

எல்லாம் கிருஷ்ணகிரி வழியாகத்தான். ஃபயர்வால் ஒன்றுதான் வாங்க முடிந்தது, அதனால் கிளைகளின் இணையம் முழுவதும் விபிஎன்-இல் இங்கே வந்து வெளியே போகிறது.

512 விஷயம் இப்போதுதான் கண்ணில் பட்டது. மூன்று மாதமாக அப்படியே இருந்திருக்கிறது.

தொப்பூர் கணவாய்
ஆகஸ்ட் 14, வியாழன், காலை 6.20

அதுதான் காரணம். டெலிவரி ஆப்டிமைசேஷன் என்பது கணினிகள் தங்களுக்குள் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ளும் முறை. நாம் எதுவும் மாற்றாவிட்டால் விண்டோஸ் ப்ரோ பதிப்பில் அது "லேன்" (ஒரே இடத்து உள்ளூர் வலை) முறையில் இருக்கும். ஒரே லேன் என்பதை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? இணையத்தில் வெளியே தெரியும் முகவரியை வைத்து. ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் இருப்பவை எல்லாம் ஒரே அறையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஒன்பது கிளையும் கிருஷ்ணகிரி முகவரியில்தான் வெளியே வருகின்றன. ஆகவே அதன் கணக்கில் அஞ்செட்டியும் பாலக்கோடும் பக்கத்துப் பக்கத்து மேஜை.

நேற்று காலை அஞ்செட்டியில் ஒரு கணினி கொஞ்சம் இறக்கி வைத்திருக்கும். பாலக்கோட்டில் இருந்த ஒன்று "அந்தத் துண்டு உன்னிடம் இருக்கிறதா, கொடு" என்று கேட்டிருக்கும். அஞ்செட்டி தன் சிம் ரவுட்டர் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது. பில் போடுவதற்குத் தேவையான ஏற்றம் அதில் போயிற்று.

தீர்வு ஒரே ஒரு கொள்கை. பகிர்வோரைத் தேர்ந்தெடுப்பதைச் சப்நெட்டோடு (ஒரே முகவரி வரிசையில் இருக்கும் கணினிகளோடு) கட்டுப்படுத்தும் அமைப்பு இருக்கிறது, அதைப் போடுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் தனிச் சப்நெட் இருந்தால் இது போதும். இல்லையென்றால் "குரூப்" முறைக்கு மாற்றி, கிளைக்கு ஒரு குழு எண் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை டிஹெச்சிபி (கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் சேவை) 234-ஆம் விருப்பம் வழியாகவும் கொடுக்கலாம், அப்போது மடிக்கணினி எந்தக் கிளைக்குப் போகிறதோ அந்தக் கிளைக் குழுவில் சேர்ந்துகொள்ளும்.

உரக்கடை கணினி
ஆகஸ்ட் 14, காலை 8.10

தனிச் சப்நெட்தான். இன்றே போடுகிறேன். இதை வைரஸ் என்று நினைத்து நேற்று அந்த ஐந்தையும் பார்மேட் செய்யச் சொல்ல இருந்தேன். மிக்க நன்றி அண்ணா.

பில் கவுன்ட்டர்
ஆகஸ்ட் 14, மதியம் 1.35

நான் கணினிப் பிரிவு இல்லை. பாலக்கோடு பக்கம் வேறொரு நிறுவனத்தின் கிளையில் பில் போடுகிறேன். இந்த இழையைப் படித்ததும் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் தலைமை அலுவலகத்தில் இருப்பவர்கள் "இரவு இரண்டு மணிக்கு அப்டேட் போகும், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது" என்று சொல்லி அமைத்தார்கள். அண்ணா, இரவு எட்டு மணிக்குக் கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் போகிறோம். பழைய வயரிங், உரமூட்டை அடுக்கிய கட்டடம். தீப்பிடித்துவிடும் என்ற பயம். அது நியாயமான பயம், அதை மாற்றச் சொல்ல முடியாது. ஆகவே இரவு இரண்டு மணிக்கு எங்கள் கணினி அணைந்துதான் இருக்கிறது. காலையில் போட்டதும் விட்டுப்போன அப்டேட் எல்லாம் அப்போது ஓடுகிறது. "கணினியை அணைக்க வேண்டாம்" என்று சுற்றிக்கொண்டே இருக்கும், எதிரே ஆட்கள் நிற்பார்கள். ஒருமுறை பாதியில் மின்சாரம் போய், திரும்பத் திறக்கவே இல்லை. அன்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பேப்பரில் முந்தின நாளே வந்திருந்தது. தலைமை அலுவலகத்தில் யாரும் எங்கள் துணைமின் நிலையத்தின் அறிவிப்பைப் பார்ப்பதில்லை.

போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. ஞாயிறு எல்லோருக்கும் விடுமுறை என்று நினைத்து அன்று அப்டேட் வைத்துவிடாதீர்கள். அங்கே அன்றுதான் கூட்டம்.

உரக்கடை கணினி
ஆகஸ்ட் 14, மதியம் 2.20

மேடம், நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எங்கள் அஞ்செட்டி, பென்னாகரம் கிளைகளிலும் மெயினை இறக்குகிறார்கள். எனக்குத் தெரியும், ஆனால் அதை அப்டேட்டோடு சேர்த்து யோசித்ததே இல்லை. போச்சம்பள்ளியையும் ஞாயிறு வரிசையில்தான் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

தொப்பூர் கணவாய்
ஆகஸ்ட் 14, இரவு 9.00

மேடம் சொன்னது இந்த இழையில் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். இரவு இல்லை என்றால் பகல்தான். பகலில் செய்ய முடியுமா? முடியும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாதத் தொகுப்பு 700 எம்பி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கணினியும் தனித்தனியாக எடுத்தால் 3500 எம்பி. 4 எம்பிபிஎஸ் இணைப்பு முழுவதையும் கொடுத்தாலும் 7000 நொடி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் வேறு எதுவும் ஓடாது. அதுவே ஒரே ஒரு கணினி மட்டும், நொடிக்கு 60 கிலோபைட் என்று எடுத்தால்? மூன்றேகால் மணி நேரம் ஆகும். ஆனால் இணைப்பில் அரை எம்பிபிஎஸ்கூடப் போகாது. பில் போடுகிறவருக்குத் தெரியவே தெரியாது. மற்ற நான்கும் அந்த ஒன்றிடமிருந்து உள்ளூர் ஸ்விட்ச் வழியாக வாங்கிக்கொள்ளும், அதற்குச் சில நிமிடம்தான்.

நீங்கள் சொட்டுநீர்க் குழாய் விற்கிறீர்கள். இரவில் மடை திறந்து பாய்ச்சுவதைவிடப் பகல் முழுக்கச் சொட்டு விடுவது நம் பக்கத்து நிலத்துக்குப் பொருந்தும். இணைப்புக்கும் அதேதான்.

டபிள்யூசஸில் இரண்டு குழு வையுங்கள். கிளைக்கு ஒரு கணினி முதல் குழுவில். அதற்கு முதலில் ஒப்புதல் கொடுங்கள். மற்றவற்றுக்குப் பிறகு. தானாக ஒப்புதல் போவதை நிறுத்திவிடுங்கள்.

மலர்ச்சந்தை
ஆகஸ்ட் 14, இரவு 9.45

ஓசூரிலிருந்து. முதல் குழுவுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் நாள் விடுவது வேகத்துக்காக மட்டும் இல்லை. 2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. அது விண்டோஸ் அப்டேட் இல்லை, ஆனால் பாடம் ஒன்றுதான்: எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில் எதையும் அனுப்பக் கூடாது. அஞ்செட்டியில் ஐந்தும் ஒன்றாக விழுந்தால் நீங்கள் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏற வேண்டும். ஒன்று விழுந்தால் மற்ற நான்கில் பில் ஓடும். நான் ஒரு வாரம் விடுகிறேன்.

ஒரு சந்தேகம்: டபிள்யூசஸை மைக்ரோசாஃப்ட் கைவிடுகிறது என்றார்களே, அதில் புதிதாக உழைப்பைப் போடலாமா?

தொப்பூர் கணவாய்
ஆகஸ்ட் 14, இரவு 10.10

2024 செப்டம்பரில் அறிவித்தார்கள். புதிய வசதிகள் இனி சேர்க்க மாட்டார்கள் என்பதுதான் பொருள். விண்டோஸ் சர்வர் 2025-இலும் இருக்கிறது, அப்டேட்டும் வருகிறது. 52 கணினிக்கு இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும். உரக்கடை அண்ணா, அதில் டிரைவர் வகையைச் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள், பயன்படுத்தாத மொழிகளையும் எடுத்துவிடுங்கள். ஒப்புதல் கொடுத்த பிறகே கோப்பை இறக்கும் அமைப்பைப் போடுங்கள். புதியவை வந்ததால் காலாவதியான பழைய அப்டேட்டுகளை மாதம் ஒருமுறை நிராகரித்துச் சுத்தம் செய்யாவிட்டால், கணினிகள் சர்வரைக் கேட்பதற்கே மெதுவான இணைப்பில் நேரம் தின்னும்.

லேப் உதவியாளர்
ஆகஸ்ட் 15, வெள்ளி, காலை 11.00

அரூர் பக்கம் ஒரு கல்லூரியில் இருக்கிறேன், 40 உபுண்டு. யாருக்காவது லினக்ஸ் இருந்தால்: பழைய கணினி ஒன்றில் ஆப்ட்-கேஷர்-என்ஜி (இறக்கிய தொகுப்புகளைச் சேமித்து மற்றவற்றுக்குக் கொடுக்கும் மென்பொருள்) போட்டு, மற்றவற்றை அதன் 3142 போர்ட்டுக்குத் திருப்பினால் போதும். முதலில் கேட்பது இணையத்திலிருந்து வரும், மற்ற 39-க்கும் அறைக்குள்ளிருந்தே கிடைக்கும். ஹெச்டிடிபிஎஸ் முகவரியில் இருக்கும் தொகுப்பு மூலங்களை அது சேமிக்காது, அதை மட்டும் கவனியுங்கள்.

மலர்ச்சந்தை
ஆகஸ்ட் 17, ஞாயிறு, மாலை 5.30

விண்டோஸ் 10 பெரும்பாலும் என்று எழுதியிருந்தீர்கள். வரும் அக்டோபர் 14, 2025 அதற்கான ஆதரவு முடியும் நாள். 11-க்கு மாற வேண்டியவற்றை இணைப்பு வழியாக அனுப்பவே அனுப்பாதீர்கள். நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு ஐந்து ஜிபிக்கு மேல். பென் டிரைவில் கொண்டுபோய், விண்டோஸுக்குள் இருந்தபடியே செட்டப்பை ஓட்டுங்கள். டிரைவை என்டிஎஃப்எஸ்-இல் பார்மேட் செய்யுங்கள். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, அங்கே போய் நின்று முழிக்க வேண்டியிருக்கும். செட்டப் "அப்டேட்டுகளையும் இறக்கட்டுமா" என்று கேட்கும்போது இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொண்டுபோனதன் பலன் போய்விடும். எந்தெந்தக் கணினியில் டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு) இருக்கிறது என்று முதலில் பட்டியல் எடுங்கள், பழையவை தேறாது.

உரக்கடை கணினி
செப்டம்பர் 11, வியாழன், இரவு 8.50

ஒரு மாதம் கழித்து வருகிறேன். நீங்கள் எல்லோரும் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தேன், அதன் பலனைச் சொல்ல வேண்டும்.

சப்நெட் கட்டுப்பாடு போட்ட அன்றே அஞ்செட்டியின் ஏற்றம் காலியாகிவிட்டது. முதல் குழுவுக்கு "நாற்றங்கால்" என்று பெயர் வைத்தேன், இரண்டாவதற்கு "நடவு". கிளைப் பொறுப்பாளர்களிடம் விளக்கும்போது இந்தப் பெயர்கள் உடனே புரிந்தன. ஒவ்வொரு கிளையிலும் எந்தக் கணினி நாள் முழுக்க ஓடுகிறது என்று அவர்களையே கேட்டுத் தேர்ந்தெடுத்தேன். நான் தேர்ந்தெடுத்திருந்தால் மேலாளர் அறைக் கணினியைப் போட்டிருப்பேன். அது பாதி நாள் அணைந்திருக்கும் என்று அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. அஞ்செட்டியில் இருப்புக் கணக்கு பார்க்கும் கணினி. 4 ஜிபிக்குக் குறைந்த ராம் உள்ளவை பகிர்வில் சேராது என்று படித்தேன், அதனால் பென்னாகரத்தில் ஒரு ராம் மாற்றினேன்.

மறுதொடக்கத்தை மட்டும் அவர்கள் கையில் விட்டேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில், அவர்களே அழுத்துகிறார்கள், மூன்று நாளைக்குள். மின்தடை அறிவிப்பு வந்தால் கிளையிலிருந்து வாட்ஸாப்பில் படம் அனுப்புகிறார்கள், நான் அன்று ஒப்புதல் கொடுப்பதில்லை.

நேற்று புதன்கிழமை. இம்மாதத் தொகுப்பு நாற்றங்காலுக்குப் போனது. பத்து மணிக்கு அஞ்செட்டியை அழைத்து "பில் எப்படிப் போகிறது" என்று கேட்டேன். "ஏன் சார், இன்னைக்கு என்ன?" என்றார்.

பில் கவுன்ட்டர்
செப்டம்பர் 11, இரவு 9.30

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது அண்ணா. மதியம் நாங்களே அழுத்தலாம் என்பதை எங்கள் அலுவலகத்திலும் கேட்கப்போகிறேன்.

ஏரிக்கரை
செப்டம்பர் 12, வெள்ளி, காலை 7.15

நானும் சொல்லிவிடுகிறேன். அப்டேட் சேவையைத் திரும்பப் போட்டாயிற்று. இரண்டு வருட பாக்கி, மூன்று நாள் ஆனது. எங்களிடம் இருப்பது ஆறு கணினிதான், சர்வர் இல்லை. லேன் பகிர்வு மட்டும் வைத்திருக்கிறேன், அதுவே போதுமாக இருக்கிறது. செட்டிங்ஸில் டெலிவரி ஆப்டிமைசேஷன் பக்கத்தில் ஆக்டிவிட்டி மானிட்டர் இருக்கிறது, பக்கத்துக் கணினியிலிருந்து எத்தனை சதவீதம் வந்தது என்று காட்டுகிறது. அதைப் பார்த்துத்தான் நம்பினேன்.

உரக்கடை கணினி
செப்டம்பர் 17, புதன், மாலை 6.40

இன்று நடவுக் குழுவுக்கு ஒப்புதல் கொடுத்தேன். சரியாக ஒரு வாரம் இடைவெளி. ஆனால் அஞ்செட்டியில் மற்ற நான்கும் நாற்றங்கால் கணினியிடமிருந்து எதுவும் எடுக்கவில்லை. ஏரிக்கரை சார் சொன்ன பக்கத்தில் பார்த்தால் உள்ளூர்க் கணினியிலிருந்து பூஜ்யம். 60 என்ற கட்டுப்பாடு இருப்பதால் பில் நிற்கவில்லை, கொஞ்சம் மெதுவானது, அவ்வளவுதான். போன புதன் இறக்கியது அந்தக் கணினியில் இருக்க வேண்டுமே?

தொப்பூர் கணவாய்
செப்டம்பர் 17, இரவு 7.55

இருக்காது. டெலிவரி ஆப்டிமைசேஷன் தன் சேமிப்பில் ஒரு கோப்பை வைத்திருப்பது இயல்பாக மூன்று நாள். நீங்கள் ஏழாம் நாள் கேட்டீர்கள், அது சனிக்கிழமையே அழித்துவிட்டது. சேமிப்பின் அதிகபட்ச வயது என்று ஒரு கொள்கை இருக்கிறது, எண் நொடியில். பதினான்கு நாள் என்றால் 12,09,600. நாற்றங்கால் கணினிகளுக்கு மட்டும் போட்டால் போதும், வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உரக்கடை கணினி
செப்டம்பர் 17, இரவு 8.05

சரி அண்ணா. ஒன்பது நாற்றங்கால் கணினியிலும் இடம் இருக்கிறது. இப்போதே போடுகிறேன், அக்டோபர் 15 புதன் காலைக்கு முன்னால் எல்லாக் கிளைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.